வண்டி கேள்வி-பதில்: பழைய ஜிப்ஸியும் அடிப்பக்கத் துருவும்

1985-இல் வந்த ஜீப் வகை ஃபோர் வீல் வண்டியான மாருதி ஜிப்ஸிக்குப் பொதுமக்களிடம் முன்பதிவு வாங்குவது 2018 இறுதியோடு நின்றுவிட்டது. இன்று கைமாறும் எந்த ஜிப்ஸியும் பல மழைக்காலங்களைப் பார்த்ததுதான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உதிரிபாகம் தேடிப் பிடித்துவிடலாம். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் போனால்தான் வண்டி போச்சு. அதனால் இந்த மாதம் துரு பற்றிய கேள்விகளுக்கே அதிக இடம்.

2007 மாடல் ஜிப்ஸி கிங் வாங்கியிருக்கிறேன். விற்றவர் அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்துக் கொடுத்திருக்கிறார். தினமும் உப்பளத்துக்குப் போய்வர வேண்டும். மேலே இன்னொரு கோட் அடித்தால் போதுமா?
– வாசகர், தூத்துக்குடி

இன்னொரு கோட் வேண்டாம். முதலில் அடித்திருப்பதைச் சுரண்டிப் பாருங்கள்.

தார் கலந்த அந்தப் பூச்சு நல்ல இரும்பின் மேலும் ஒட்டும், துருவின் மேலும் ஒட்டும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். துருவோ பஞ்சு மாதிரி; ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் மேல் பூச்சு மூடிவிட்டால் வெயிலிலும் உலர வழியில்லை. சில மாதங்களில் பூச்சு உப்பும், விரலால் தட்டினால் தகடு தகடாக விழும். அதற்குள் உள்ளே இருந்த 3 மி.மீ. இரும்பு 1 மி.மீ. ஆகியிருக்கலாம்.

உங்கள் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்போடு கலந்துவரும் மக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம். மழையே பெய்யாவிட்டாலும் கடலோர இரவில் உங்கள் சேசிஸ் நனைந்துதான் நிற்கும்.

சோதிக்க வேண்டியவை: நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், தட்டை ஸ்க்ரூ டிரைவர், காந்தம், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி. வண்டியை ரேம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். சேசிஸை முன்னிருந்து பின்னாக ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பேசும். அரித்த இடம் ‘டப்’ என்று அமுங்கிய சத்தம் தரும். அங்கே ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் பேச்சு வேறு.

முதலில் பார்க்க வேண்டியது பின்பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தகடு) மாட்டும் இடம். பின் டயர் வாரி அடிக்கும் சேறு அங்கேதான் அடைகிறது. அடுத்து பாடியைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளின் பிராக்கெட்டுகள், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம், பேட்டரித் தட்டு, ஓட்டுநர் கால்வைக்கும் தரை, பின் மூலைகள், கதவின் அடிமடிப்பு, முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு. பாடியில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சேசிஸ் பெட்டி வடிவக் குழாய். வெளியே பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கலாம். அடியில் உள்ள வடிகால் துளைகளில் வளைத்த கம்பியை விட்டுக் கிளறுங்கள். தேயிலைத் தூள் மாதிரி வந்தால் காப்பாற்றலாம். அப்பளத் துண்டு மாதிரி வந்தால் உட்சுவர் உரிந்துகொண்டிருக்கிறது.

பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பை, கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். செதில் தட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பைப்பை மாற்றுங்கள். இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

துருவை எடுத்துவிட்டு முறையாகப் பூச வேண்டும் என்றால் என்ன வரிசையில், எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்? நானே செய்யலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், நாகப்பட்டினம்

செய்யலாம். ஆனால் ஐப்பசியில் ஆரம்பிக்காதீர்கள். பங்குனி, சித்திரை வெயில்தான் இந்த வேலைக்குத் தோது. ஒரு வாரம் வண்டி ஓடாமல் நிற்கும் என்று கணக்கு வையுங்கள்.

முதல் நாள் கழுவுவது. பிரஷர் பம்ப்பில் அடியை அடித்துக் கழுவி, கிரீஸ் உள்ள இடத்தைச் சோப்புக் கரைசலால் தேயுங்கள். மண்ணெண்ணெய் போட்டால் எண்ணெய்ப் படலம் தங்கும். மறுபடி சோப்பு போட்டே ஆக வேண்டும். வீல் பேரிங், ஆக்ஸில் சீல், காற்றுப்போக்கி (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் சிறு துளை) ஆகியவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். சேசிஸ் குழாய்க்குள் முன்துளை வழியாக ஓஸை விட்டு, பின்துளையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட விடுங்கள். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால், கடைசி அலசலுக்குக் குடிக்கும் தண்ணீரை வாங்குங்கள். இதில் மிச்சம் பிடித்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

பிறகு இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். குழாய்க்குள்ளும் மடிப்புகளிலும் கம்ப்ரஸர் காற்று அடியுங்கள். ஈரத்தின் மேல் பூசியதுதான் பாதிக் கோட்டிங் உரிவதற்குக் காரணம்.

அடுத்தது சுரண்டல். பழைய தார்ப் பூச்சைச் சூடுகாற்றுத் துப்பாக்கியால் இளக்கித் தகட்டால் வழித்தெடுங்கள். தீச்சுவாலை வேண்டாம், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பின் 4 இஞ்ச் கிரைண்டரில் கம்பிக் கிண்ண பிரஷ் மாட்டித் தேயுங்கள். அறுந்த கம்பி ஊசிபோல் பறக்கும். கண்ணாடி, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். உளி, கிரைண்டர் எதுவும் சேசிஸ் எண் பொறித்த இடத்துக்குப் போகக் கூடாது. ஆரம்பிக்கும் முன்பே அந்த எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கையால் மெதுவாகத் துடைத்து மெழுகு மட்டும் தடவுங்கள். எண் அழிந்தால் எஃப்.சி., பெயர் மாற்றம் எல்லாம் நிற்கும்.

தேய்த்த இரும்பை ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைத்து உலர விட்டு, ஓர் இரவு கழித்துப் பாருங்கள். ஏதாவது குழியில் மட்டும் ஆரஞ்சு நிறம் பூத்தால் அந்தக் குழியில் இன்னும் உப்பு இருக்கிறது. மறுபடி கழுவுங்கள். பலர் தாண்டிவிடும் படி இது. பூச்சு மூன்று வருடம் நிற்குமா, மூன்று மாதத்தில் கொப்புளம் விடுமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

குழிகளில் தங்கிய துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் வகைத் துரு மாற்றி அரை லிட்டர் போதும். பிரஷால் துருவின் மேல் மட்டும் தடவுங்கள், பளபளக்கும் இரும்பில் வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டு, மிச்ச ஆசிட்டை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் மேலே வரும் எபாக்சி சரியாக இறுகாது.

பிறகு இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்சி பிரைமர், இரண்டு கோட். சேசிஸுக்கும் தேய்த்த தரைப் பகுதிகளுக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் ஆகும். ஹார்டனர் அளவைக் கண்ணால் போடாதீர்கள், அளவுக் குவளை வையுங்கள். காலை பத்துக்கு மேல் பனி உலர்ந்ததும் ஆரம்பித்து நாலு மணிக்குள் முடியுங்கள். இரும்பு கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது அடித்தால் மேலே தோல் கட்டும், உள்ளே இறுகாது. தகடுகள் சேரும் மடிப்புகளில் பாலியூரிதேன் சீலர், இரண்டு குழாய். அதன் மேல் சேசிஸுக்குக் கறுப்பு பெயின்ட் ஒரு லிட்டர். சக்கர வளைவுகளில் மட்டும் கல்லடி தாங்கும் ரப்பர் வகைப் பூச்சு இரண்டு லிட்டர்.

கடைசியாக உள்மெழுகு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எங்களைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். 360 டிகிரியும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட குழலைச் சேசிஸுக்குள் கடைசிவரை விட்டு, தெளித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். கதவின் உட்புறம், முன்கண்ணாடிச் சட்டம், பின்கதவு எல்லாம் சேர்த்து மூன்று லிட்டர் பிடிக்கும். டப்பாவை அரைமணி வெயிலில் வைத்தால் மெழுகு இளகி மடிப்புகளுக்குள் ஓடும். மறுநாள் எல்லா வடிகால் துளைகளையும் கம்பியால் திறந்து விடுங்கள். அடைத்த துளை, பூசாத சேசிஸைவிட மோசம்.

பூசக் கூடாதவை: ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எடைச் சமநிலை கெட்டு அதிரும்), அதன் மூட்டான யு.ஜே. கிராஸ், சைலன்ஸர், பிரேக் டிஸ்க், காலிப்பர், ரப்பர் பிரேக் ஓஸ், ஆக்ஸில் காற்றுப்போக்கி, எர்த் வயர் பிடிக்கும் இடம். எல்லாவற்றையும் பாலித்தீன் உறையாலும் ஒட்டுத்தாளாலும் மூடிவிட்டு ஆரம்பியுங்கள்.

தட்டிப் பார்த்ததில் பின்ஷாக்கிள் பக்கம் சேசிஸில் ஐம்பது காசு அளவில் ஒரு பொத்தல். தகடு வைத்து வெல்டிங் செய்தால் ஓடுமா?
– வாசகர், காரைக்கால்

பொத்தலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதைச் சுற்றியுள்ள இரும்பைப் பாருங்கள். நல்ல கனம் கிடைக்கும்வரை வெட்டி எடுங்கள். ஐம்பது காசு பொத்தல் உள்ளங்கை அளவாகும், அது இயல்பு. இரண்டு கை அளவாகி, ஸ்பிரிங் பிராக்கெட்டின் வேர்வரை போனால் ஒட்டு வேலைக்கு இடமில்லை. அந்தப் பகுதியையே நல்ல சேசிஸ் துண்டால் மாற்ற வேண்டும், அல்லது வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் பேச வேண்டும்.

ஒட்டலாம் என்றால் அதே கனமுள்ள தகடு, CO₂ வெல்டிங். தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சாய்சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால், மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுகும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். துருவின் மேலேயே தகட்டை வைத்து மூடும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டை எடுத்து, பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வையுங்கள். முடிந்ததும் உள்சுவரில் பெயின்ட் கருகியிருக்கும். உள்மெழுகு அங்கே போய்ச் சேராவிட்டால் துரு அடுத்த மழையிலேயே வெல்டிங் ஓரத்தில் தொடங்கும்.

சேசிஸ் வளைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, நான்கு ஸ்பிரிங் பிராக்கெட் போல்ட்டுகளிலிருந்தும் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். குறுக்கு மூலைகளை அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கிறார்கள். அந்தக் காலத்திலிருந்து செய்வதுதானே?
– வாசகர், கொடைக்கானல்

எண்ணெய் துருவைத் தள்ளிப்போடும் என்பது உண்மை, அதனால்தான் இந்தப் பழக்கம் நிலைத்தது. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலமும் கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன. ஸ்பிரிங் புஷ், பாடி மவுண்டு, பிரேக் ஓஸ் எல்லாம் ரப்பர்; எண்ணெய் பட்டால் ஊறித் தளரும். புழுதி ஒட்டிச் சேறாகி, அந்தச் சேறே ஈரத்தைப் பிடிக்கும். மலைப்பாதை ஓரத்து ஓடைகளில் அந்த ஆயில் சொட்டுவதையும் நினைத்துப் பாருங்கள். மெழுகு அல்லது லானோலின் வகைப் பூச்சு வருடத்துக்கு ஒருமுறை போதும். லானோலின் என்பது ஆட்டு ரோமத்துக் கொழுப்பு; ஈரத்தை விலக்கும், புதிதாகப் பூசப் பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை.

பேட்டரியில் மாட்டினால் துருவே பிடிக்காது என்று ஒரு மின்னணுப் பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கடலூர்

வேண்டாம். மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் முறை உண்மையானது. கடலடிக் குழாய்களுக்கும் கப்பல்களுக்கும் பயன்படுகிறது. உங்கள் ஊர் விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பதும் அதே தத்துவம்தான். ஆனால் படகு நீருக்குள் இருக்கிறது. நீர்தான் மின்சுற்றை முடிக்கிறது. காற்றில் ஓடும் வண்டியில் அந்தச் சுற்று முடிவதில்லை. அந்தப் பணத்துக்கு உள்மெழுகு வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தார்ச்சாலையில் போட்டுப் பார்த்தபோது திருப்பத்தில் வண்டி இறுகி நின்றது.
– வாசகர், கூடலூர்

இறுகியது பழுதல்ல. ஜிப்ஸியில் முன்னும் பின்னும் வேகத்தைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிகத் தூரம் ஓட வேண்டும். தார்ச்சாலையில் டயர் வழுக்காது, ஆகவே ஷாஃப்ட்டுகள் முறுகிக்கொள்ளும். இனி உலர்ந்த சாலையில் போடாதீர்கள். மண் தரையில் சோதியுங்கள்.

முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். கியர் நியூட்ரலில், ஃபோர் வீல் போடும் டிரான்ஸ்ஃபர் லீவர் 2-எச் (பின்சக்கர இழுவை மட்டும்) நிலையில் இருக்கட்டும். முன்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் திருகை ‘ஃப்ரீ’யில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அசையக் கூடாது, இரண்டு ஹப்பையும் ‘லாக்’கில் வைத்தால் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். பிறகு மண்ணில் 4-எச் (ஃபோர் வீல், சாதாரண வேகம்), வண்டியை நிறுத்தி 4-எல் (ஃபோர் வீல், மெதுவான பலத்த இழுவை) போட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் 4-எல்லில் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பட்டென்று விடுங்கள். லீவர் தானாகக் குதித்து வெளியே வந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது, அல்லது முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டு கிழிந்திருக்கிறது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் குட்டி ஷாஃப்ட் ஒன்றால் இணைந்து தனியே தொங்குகிறது. ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது மவுண்டைத்தான். செலவும் அதற்கே குறைவு.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சைத் தாங்கும் கிங்பின் பேரிங். 60, 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக நடுங்கும் ஜிப்ஸிகளில் பலவற்றுக்கும் இதுவும் டை ராடு முனைகளும்தான் காரணம். ஸ்டியரிங் டேம்பர் மட்டும் மாற்றினால் நடுக்கம் கொஞ்ச நாள் மறையும், தேய்மானம் தொடரும்.

ஆயில்களைப் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடையில் இறக்கியிருக்கிறார்கள், காற்றுப்போக்கி அடைத்திருக்கிறது. வாங்கியதும் நான்கையும் மாற்றிவிடுங்கள்: கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல். மொத்தம் ஆறு லிட்டர் வாங்கினால் போதும். நிரப்பும் துளை விளிம்பில் வழியும்வரை ஊற்றுவதே அளவு. கழிக்கும் நட்டைக் கழற்றும் முன் நிரப்பும் நட்டு கழலுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆயிலைக் கொட்டிவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4 தரம்; அதன் பித்தளை வளையங்களுக்கு டிஃபரன்ஷியலின் ஜி.எல்-5 ஆயில் ஆகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், சென்னை

2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் மூழ்கிய வண்டிகள் இப்போதும் சந்தைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். சுருளின் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட் தண்டவாளத்து நட்டுகள், ஃபியூஸ் பெட்டியின் பின்புறம், டாஷ்போர்டுக்கு அடியில் வயர் கட்டுகள், முகப்பு விளக்கின் உட்புறம் ஆகியவற்றில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸ் குழாய்க்குள்ளும் அந்த வண்டல்தான் இருக்கும்; முன்பு சொன்னபடி ஓஸ் விட்டுக் கழுவாமல் மெழுகு அடித்தால் சேற்றுக்குத்தான் பாதுகாப்பு.

ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி. பச்சை நிறத்தையே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், வேலூர்

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே. நிறத்தை மாற்றி ஆர்.சி.யில் பதியுங்கள். பழைய பெயின்ட்டை இழைக்கும்போதே பின்மூலைகளையும் கதவடி மடிப்புகளையும் திறந்து பார்த்துவிடுங்கள். அடுத்து அந்த வாய்ப்பு எப்போது வருமோ.

கடற்கரை மணலில் ஓட்டி வந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ராமநாதபுரம்

ஓட்ட அனுமதியுள்ள இடமா என்று முதலில் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) நம் கரைகளில் முட்டையிடும் காலம். டயர் ஏறிய மணலுக்குள் குஞ்சு தப்பாது.

வந்த அன்றைக்கே கழுவுங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள். பூச்சு வேலைக்கு முன் கழுவியதுபோல் பிரஷர் பம்ப் இங்கே வேண்டாம். அது உப்பை மடிப்புக்குள் தள்ளும். சாதாரண ஓஸில் நிறைய நல்ல தண்ணீர், பத்து நிமிடம் அடிப்பக்கம் மட்டும். பின்பிரேக் டிரம்மில் மணல் போயிருக்கும், கழற்றி ஊதிவிடுங்கள். யு.ஜே. கிராஸ் நிப்பிள்களில் கிரீஸ் கன்னால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். கழுவியதும் அப்படியே ஷெட்டில் விடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். டிரம்மும் டிஸ்க்கும் உலர அதுதான் வழி.